1,050 கி.மீ. ரேஞ்ச் என்று போட்டிருக்கும் காரில் 690தான் வருகிறதே, ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வைத்த மின்சாரக் கார், அதாவது பேட்டரி தீரும்போது மின்சாரம் தயாரித்துக் கொடுக்க ஒரு பெட்ரோல் எஞ்சினும் ஜெனரேட்டரும் உள்ள கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். பயன்படுத்தக்கூடிய பேட்டரி 32 யூனிட், பெட்ரோல் டேங்க் 50 லிட்டர். விளம்பரத்தில் பேட்டரியில் மட்டும் 190 கி.மீ., பெட்ரோலையும் சேர்த்து 1,050 கி.மீ. என்று போட்டிருக்கிறது. அதே காரை வைத்திருக்கும் நண்பரோ நெடுஞ்சாலையில் 690ஐத் தாண்டியதே இல்லை என்கிறார். கம்பெனி பொய் சொல்கிறதா, நண்பருக்கு ஓட்டத் தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். தினமும் 40 கி.மீ. ஓட்டம், மாதம் ஒரு தடவை போகவர 500 கி.மீ. பயணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: இந்த எண்களில் எதை நம்பி வாங்குவது?

வாகனச் சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஏற்றி, எவ்வளவு மின்சாரம் போனது, எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்கெடுப்பது பல வருடங்கள் என் பிழைப்பாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கம்பெனியும் பொய் சொல்லவில்லை, உங்கள் நண்பரும் சரியாகத்தான் ஓட்டியிருக்கிறார். இரண்டு எண்களும் ஒரே காரிலிருந்து நேர்மையாக வரக்கூடியவைதான்.

முதலில் 1,050 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எந்தக் காரின் ரேஞ்சும் ஒரு சோதனை முறையின்படி அளக்கப்படுகிறது. அந்த முறை நாட்டுக்கு நாடு வேறு. சீனாவின் சிஎல்டிசி முறையில் சராசரி வேகம் மணிக்கு 29 கி.மீ. அளவுதான், உச்ச வேகம் 114. ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபியில் சராசரி 46, உச்சம் 131. அமெரிக்காவில் ஆய்வகத்தில் கிடைத்த எண்ணைப் பொதுவாக 0.7ஆல் பெருக்கிக் குறைத்துத்தான் மின்சாரக் காரின் ஸ்டிக்கரில் ஒட்டுகிறார்கள். ஐரோப்பாவின் பழைய சோதனை முறையான என்இடிசியைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதை எட்டிப் பிடித்த ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு 2022இல் வந்த லி ஆட்டோ எல்9 என்ற சீன ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் கார் நல்ல உதாரணம். பேட்டரி 44.5 யூனிட், டேங்க் 65 லிட்டர். சிஎல்டிசி கணக்கில் பேட்டரியில் 215 கி.மீ., மொத்தம் 1,315. அதே காருக்கு டபிள்யூஎல்டிசி (டபிள்யூஎல்டிபி முறையில் பயன்படும் ஓட்டம்) கணக்கில் கம்பெனியே தந்த எண் 180, மொத்தம் 1,100. ஒரே கார், ஒரே பேட்டரி, ஒரே டேங்க். அளவுகோலை மாற்றியதும் மொத்தத்தில் 215 கி.மீ. காணாமல் போய்விட்டது. ஆகவே ஒரு எண்ணைப் பார்த்ததும், அது எந்த முறையில் எடுத்தது என்று சிறிய எழுத்தில் தேடுங்கள்.

அடுத்து, மொத்த ரேஞ்ச் என்பது தனியாக அளந்த ஒரு எண்ணே அல்ல, இரண்டு எண்களின் கூட்டல். பேட்டரியை முழுக்கக் காலி செய்த தூரம் ஒன்று; டேங்கை முழுக்கக் காலி செய்தால் போகக்கூடிய தூரம் இன்னொன்று. நிஜத்தில் யாரும் இரண்டையும் கடைசிச் சொட்டு வரை காலி செய்வதில்லை. பெரும்பாலான கார்களில் பேட்டரி பூஜ்யத்தைத் தொடுமுன்பே எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும், மேட்டுக்கும் ஓவர்டேக்கிங்குக்கும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்பதற்காக. நாமும் டேங்கில் ஐந்தாறு லிட்டர் இருக்கும்போதே பங்க் தேட ஆரம்பித்துவிடுகிறோம். இந்தக் காரணத்துக்காக மட்டுமே விளம்பர எண்ணில் ஒரு பத்து சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

இனி நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. இதற்கு ஒரே ஒரு மாற்று விகிதம் தெரிந்தால் போதும்: ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து எத்தனை யூனிட் மின்சாரம்? ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8.9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதில் எஞ்சின் வேலையாக மாற்றுவது நல்ல நிலையில் 35 முதல் 40 சதவீதம். மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். ஜெனரேட்டரிலும் மின்மாற்றும் கருவிகளிலும் இன்னும் கொஞ்சம் இழப்பு. கடைசியில் கையில் நிற்பது லிட்டருக்கு மூன்று யூனிட், கொஞ்சம் கூடக்குறைய. மூன்றரைக்கு மேல் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் தனக்குப் பிடித்த வேகத்தில், பிடித்த சுமையில் ஓடும்போது அது சாத்தியம்தான். சூடாவதற்குள் அணைவது, மறுபடி கிளம்புவது, மேட்டில் திணறுவது எல்லாம் சேர்ந்த ஒரு நாளின் சராசரிக்கு நான் மூன்று என்றுதான் வைத்துக்கொள்வேன். ஏமாற்றம் வராது.

உங்கள் காருக்கு இதைப் போடுவோம். பேட்டரியில் உண்மையில் செலவாவது 28 யூனிட் என்று வைப்போம். டேங்கில் 45 லிட்டர், மூன்றால் பெருக்கினால் 135. மொத்தம் 163 யூனிட். இனி நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்பது மட்டும்தான் கேள்வி. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போனால் இந்த அளவு கார் சுமார் 17 யூனிட் கேட்கும். 163ஐ வைத்துக்கொண்டு 960 கி.மீ. போகலாம். 120இல் போனால் 24 யூனிட், 680 கி.மீ. கடுங்குளிர், எதிர்க்காற்று, கூரையில் பெட்டி என்று எல்லாம் சேர்ந்து 30 யூனிட் ஆகிவிட்டால் 540தான். உங்கள் நண்பரின் 690 எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அவர் 120ஐ ஒட்டிப் போகிறவர், அவ்வளவுதான்.

வேகத்துக்கு இவ்வளவு பெரிய பங்கா என்று பலர் நம்புவதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 90இலிருந்து 120க்குப் போகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. பெட்ரோல் காரிலும் இதே இயற்பியல்தான். ஆனால் அங்கே நகரத்தில்தான் எஞ்சின் மிக மோசமான திறனில் ஓடும். நெடுஞ்சாலைக்கு வந்ததும் எஞ்சின் திறன் கூடி, காற்று பிடுங்குவதை ஓரளவு ஈடுகட்டிவிடும். அதனால் ‘நெடுஞ்சாலை மைலேஜ் நன்றாக இருக்கும்’ என்று நமக்கெல்லாம் பழகிப்போய்விட்டது. மின்மோட்டார் எல்லா வேகத்திலும் நல்ல திறனோடு ஓடுவது. ஈடுகட்ட அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை, காற்றின் செலவு அப்படியே கணக்கில் தெரிகிறது. நகரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் நெடுஞ்சாலையில் கிடையாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சியை நேராகச் சக்கரத்துக்கு அனுப்பினால் இழப்பு மிகக் குறைவு. அதையே மின்சாரமாக்கி, மறுபடி சுழற்சியாக்கினால் வழியில் பத்துப் பதினைந்து சதவீதம் கரைந்துவிடும். இதே வகையைச் சேர்ந்த அமெரிக்கக் காரான செவ்ரோலெட் வோல்ட்டை வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 2010இன் இறுதியில் விற்பனைக்கு வந்த அந்தக் காரில், பேட்டரி தீர்ந்து அதிக வேகத்தில் போகும்போது எஞ்சின் ஒரு கியர் அமைப்பின் வழியாகச் சக்கரத்தோடு நேரடியாகவும் இணையும். ‘அப்படியானால் இது மின்சாரக் காரே அல்ல’ என்று அன்றைக்குப் பெரிய சண்டை நடந்தது. பெயரைப் பற்றிய சண்டை. பெட்ரோலை மிச்சம் பிடித்தது அந்த இணைப்புதான்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். ட்ரிபிள் ஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் முழு மின்சாரக் கார்களைச் சோதித்தபோது, மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டரைப் போட்டால் ரேஞ்ச் சராசரியாக 41 சதவீதம் விழுந்தது. 35 டிகிரி வெயிலில் ஏசியோடு 17 சதவீதம். ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் காரின் பேட்டரிப் பகுதிக்கும் இதே போன்ற அடி விழும். பெட்ரோல் பகுதிக்கு அவ்வளவு விழாது. எஞ்சின் ஓடினாலே வீணாகும் வெப்பம் நிறைய இருக்கிறது, அதை உள்ளே திருப்பிவிட்டால் ஹீட்டருக்குத் தனியாக மின்சாரம் செலவழிக்க வேண்டாம். வோல்ட்டில் கடுங்குளிரில் பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும் எஞ்சின் கொஞ்சம் ஓடும். கார் கெட்டுவிட்டதோ என்று பயந்தவர்கள் பலர். ஆக, ‘குளிரில் ரேஞ்ச் 40 சதவீதம் குறையும்’ என்ற வாக்கியத்தை உங்கள் மொத்த 1,050க்குப் பொருத்தாதீர்கள். 190 என்பது 110 ஆகலாம்; மொத்தம் அதே விகிதத்தில் விழாது.

விளம்பரத்தில் பெரும்பாலும் யாரும் பார்க்காத ஒரு எண் இருக்கிறது. என்னைக் கேட்டால் ரேஞ்சைவிட அதுதான் முக்கியம்: ஜெனரேட்டரின் தொடர் திறன், கிலோவாட்டில். மோட்டார் எத்தனை கிலோவாட் என்று பெரிதாகப் போடுவார்கள். அது பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை செல்லுபடியாகும் எண். பேட்டரி தீர்ந்தபின் கார் எவ்வளவு வேகத்தில் போகும் என்பதைத் தீர்மானிப்பது ஜெனரேட்டர். உங்கள் அளவு காருக்குச் சமதரையில் 120இல் போக 28 கிலோவாட் போல வேண்டும். இரண்டு டன் எடை, நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறும் மலைச்சாலை, வேகம் 90 என்றால் ஏறுவதற்கு மட்டும் கூடுதலாக 29 கிலோவாட். ஜெனரேட்டர் 60க்கு மேல் தந்தால் கவலையில்லை. 30 கூடத் தராது என்றால் பேட்டரியின் கையிருப்பு கரையும், கரைந்து முடிந்ததும் லாரிகள் உங்களை முந்திக்கொண்டு போகும்.

இது கற்பனை அல்ல. பிஎம்டபிள்யூ ஐ3 காரின் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்பது அதே கம்பெனியின் ஸ்கூட்டரிலிருந்து எடுத்த 647 சிசி இரண்டு சிலிண்டர் எஞ்சின்; தந்தது சுமார் 25 கிலோவாட். அமெரிக்காவில் நீண்ட ஏற்றங்களில் வேகம் விழுவதாக உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் விற்ற அதே காரில், பேட்டரி 75 சதவீதத்துக்குக் கீழே வந்ததுமே ஓட்டுநர் விரும்பினால் எஞ்சினைப் போட்டுக் கையிருப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அமெரிக்க மாடலில் அந்த வசதி இல்லை. கலிஃபோர்னியாவின் அன்றைய விதி அப்படி: பெட்ரோலில் போகும் தூரம் பேட்டரியில் போகும் தூரத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது, பேட்டரி தீரும்வரை எஞ்சின் ஓடவும் கூடாது. இதற்காக 9 லிட்டர் டேங்கையே மென்பொருளால் சுருக்கி, கொஞ்சம் பெட்ரோலை எட்டாமல் வைத்திருந்தார்கள். மொத்த ரேஞ்ச் 150 மைல் என்று அமெரிக்க ஸ்டிக்கரில் வந்ததற்கு இயற்பியல் பாதிக் காரணம், சட்டம் மீதிக் காரணம்.

மாஸ்டாவின் எம்எக்ஸ்-30 ஆர்-ஈவி வேறு வகை. 17.8 யூனிட் பேட்டரி, 830 சிசி ஒற்றை ரோட்டர் எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் கொண்டது), 50 லிட்டர் டேங்க். பேட்டரியில் 85 கி.மீ., அதுவும் டபிள்யூஎல்டிபி கணக்கில். தினசரி ஓட்டம் 40 என்பவருக்கு இது போதும். 80 என்பவருக்கு மழையிலும் குளிரிலும் எஞ்சின் தினமும் ஓடும். சிறு பேட்டரியா, பெரும் பேட்டரியா என்பதை மொத்த ரேஞ்சைப் பார்த்து முடிவு செய்தால் தப்பாகிவிடும். தினசரி தூரத்தை மோசமான நாளின் பேட்டரி ரேஞ்சோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியது. இனி வருவதில் எனக்கு அந்த உறுதி இல்லை. பேட்டரிக்கு வயதாக ஆக எவ்வளவு குறையும்? பேட்டரிப் பகுதி மட்டும் குறையும், பெட்ரோல் பகுதி குறையாது என்பது நிச்சயம். வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று எண் கேட்டால் சொல்ல மாட்டேன். கணக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. 100 கி.மீ. பேட்டரியில் ஒரு லட்சம் கி.மீ. மின்சாரத்தில் ஓட்டினால் ஆயிரம் முறை நிரப்பிக் காலி செய்கிறீர்கள், 500 கி.மீ. பேட்டரியில் அது 200 முறைதான். அப்படிப் பார்த்தால் சிறிய பேட்டரி சீக்கிரம் களைக்க வேண்டும். ஆனால் முதல் வோல்ட்டில் 16 யூனிட் பேட்டரியில் 10.4 யூனிட் அளவுதான் பயன்படுத்த விட்டார்கள். மேலும் கீழும் தொடாமல் விட்ட இடம் தேய்மானத்தை மறைத்துக் காத்தது. நீங்கள் பார்க்கும் காரில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். வாரண்டித் தாளில் எத்தனை வருடம், எத்தனை சதவீதம் கொள்ளளவு என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

ஓட்டுபவரின் பழக்கமும் அப்படித்தான், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைப்ரிட் கார்களின் (வெளியிலிருந்து சார்ஜ் போடக்கூடிய, பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் உள்ள கார்கள்) நிஜக் கார்பன் வெளியீடு சோதனைக்கூட எண்ணைப்போல 3.5 மடங்கு என்று கண்டார்கள். காரிலேயே பதிவாகும் எரிபொருள் கணக்கிலிருந்து எடுத்த எண் அது. முக்கியக் காரணம், பலர் சார்ஜே போடுவதில்லை. பெரிய பேட்டரி வைத்த ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் கார்களுக்கும் இதே விகிதம் வருமா? வராது என்று நினைக்கிறேன், பேட்டரியில் ஓடும் சுகத்துக்குப் பழகியவர் சார்ஜ் போட மறப்பதில்லை. இது என் ஊகம்தான், அளந்து சொன்னதல்ல.

இப்போது உங்கள் ஓட்டத்துக்கு வருகிறேன். தினசரி 40 கி.மீ. என்பது நூறு கிலோமீட்டருக்கு 30 யூனிட் குடிக்கும் மோசமான நாளில்கூட 28 யூனிட்டுக்குள், அதாவது 93 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இரவில் சார்ஜ் போட வசதி இருந்தால் வாரநாட்களில் பெட்ரோல் செலவே இருக்காது. மாதப் பயணம் 500 கி.மீ. வேகம் 120 என்றே வைப்போம். முதல் 117 கி.மீ. பேட்டரியில் போகும், மிச்சம் 383 கிலோமீட்டருக்கு 92 யூனிட், அதாவது ஏறக்குறைய 31 லிட்டர் பெட்ரோல். டேங்கில் 50 இருக்கிறது. நடுவில் எங்கும் நிற்காமலே போய்விட்டு வரலாம். உங்கள் வாழ்க்கையில் 1,050 என்ற எண்ணும் 690 என்ற எண்ணும் வந்து போகவே போவதில்லை! சார்ஜ் போட வசதி இல்லை என்றால் மட்டும் கதை வேறு. அப்போது நூறு கிலோமீட்டருக்கு நகரத்தில் ஆறு லிட்டர், நெடுஞ்சாலையில் எட்டு லிட்டர் குடிக்கும் கனமான பெட்ரோல் கார் ஒன்றைத்தான் வாங்குகிறீர்கள். சார்ஜ் போடத் தேவையில்லாத நல்ல சாதாரண ஹைப்ரிட் ஒன்று அதைவிடக் குறைவாகக் குடிக்கும்.

நீண்ட பயணத்தில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். பேட்டரியை முதலிலேயே தீர்த்துவிட்டுப் பிறகு பெட்ரோலுக்குப் போவதுதான் பெரும்பாலான கார்களின் இயல்பு அமைப்பு. வழியில் மலை இருந்தால், பேட்டரியைப் பாதியில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளும் பட்டனை நெடுஞ்சாலை ஏறியதுமே அழுத்திவிடுங்கள். அதிக வேகத்தில் ஓடும்போது எஞ்சின் நல்ல சுமையில் இருக்கும், பெட்ரோல் வீணாவது குறைவு. அப்புறம் ஏற்றத்துக்கும், ஊருக்குள் நுழைந்தபின் நெரிசலில் ஊர்ந்து போவதற்கும் பேட்டரி கையில் இருக்கும். காரை நிறுத்திவைத்து எஞ்சினால் பேட்டரியை நிரப்புவதை மட்டும் செய்யாதீர்கள், வேறு வழியே இல்லாத இடத்தைத் தவிர.

டேஷ்போர்டு காட்டும் ‘மீதித் தூரம்’ கடைசிச் சில பத்துக் கிலோமீட்டர்களை நீங்கள் ஓட்டிய விதத்திலிருந்து ஊகிப்பது. அதை வைத்துக் காரை எடைபோட வேண்டாம். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஒரே பாதையில் போய்த் திரும்பி வாருங்கள். அப்போதுதான் காற்றும் மேடுபள்ளமும் ஈடாகும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று திரையில் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் கேட்க வேண்டியவை மூன்று: ஜெனரேட்டர் தொடர்ந்து எத்தனை கிலோவாட் தரும், எத்தனை சதவீதத்தில் எஞ்சின் தானாகக் கிளம்பும், பேட்டரியைப் பிடித்துவைக்கும் பட்டன் உண்டா. மூன்றாவதுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்து, முதலாவது எண்ணும் 40க்குக் கீழே இருந்து, உங்கள் மாதப் பயணத்தில் மலைச்சாலையும் இருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேறு காரைப் பார்ப்பேன்.